பனி விழுமுன் பின்வளவில் ஒரு பட்டறை: ஒன்ராறியோ வீட்டுக்காரருக்கு முழுமையான வழிகாட்டி

ஒரு ஜனவரிக் காலையில் கொட்டிலுக்குள் விளக்கைப் போட்டு நிமிர்ந்து பார்த்தேன். கூரைப் பலகையைத் துளைத்து உள்ளே நீட்டிக்கொண்டிருந்த ஷிங்கிள் (தார்பூசிய கூரை வில்லை) ஆணிகளின் முனை ஒவ்வொன்றிலும் அரிசி பருமனுக்கு வெண்பனி பூத்திருந்தது. நூற்றுக்கணக்கான ஆணிகள், வானத்து வெள்ளி போல இருந்தன. புரொப்பேன் ஹீற்றரை மூட்டினேன். கொஞ்ச நேரத்தில் அத்தனையும் உருகிச் சொட்டத் தொடங்கின. மேசையில் கிடந்த மேப்பிள் பலகையிலும் விழுந்தது, அப்பா யாழ்ப்பாணத்திலிருந்து கொண்டுவந்த சீவுளியின் அலகிலும் விழுந்தது. அடுத்த நாள் அந்த அலகில் துரு ஏறியிருந்தது.

அந்தக் கொட்டிலில் பலகை, ஆணி எதுவும் மட்டமானவை அல்ல. கட்டிய முறைதான் பிழை. அடுத்த கோடையில் அதைப் பிரித்துவிட்டு, ஸ்காபரோவில் எங்கள் வீட்டுப் பின்வளவில் அதே இடத்தில் 12 அடிக்கு 16 அடி அளவில் தனிப் பட்டறை ஒன்றை எழுப்பினேன். அதில் கற்றதைத்தான் இங்கே வரிசையாக எழுதுகிறேன். கணக்குகள் எல்லாம் அந்த 12க்கு 16 அளவுக்கே. அதே அளவைத் தேர்ந்தெடுக்கச் சொல்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது. தளம் போடும் இடத்தில் சொல்கிறேன்.

முதலில் ஒன்றை மனதில் இருத்திக்கொள்ளுங்கள். பனிக்காலத்துக்கு முன் பட்டறையை முழுதாக முடிக்க வேண்டிய கட்டாயம் கிடையாது. மண்ணைத் தொடும் வேலையும் மழையைத் தடுக்கும் வேலையும் முடிந்தால் போதும். தளம், சுவர்ச் சட்டம், கூரை, கதவு யன்னல், மின்கம்பிக்கான அகழி ஆகிய ஐந்தும் நவம்பர் பிறக்கும்போது முடிந்திருந்தால், மிச்சத்தை டிசம்பரிலும் ஜனவரியிலும் உள்ளே நின்றே செய்யலாம். இந்த ஐந்தில் ஒன்று பிந்தினாலும் ஏப்ரல் வரை காத்திருக்க வேண்டியதுதான்.

நாட்காட்டியைப் பின்னிருந்து எண்ணுங்கள்

ரொறன்ரோப் பகுதியில் ஒக்டோபர் நடுவுக்குப் பிறகு இரவு உறைபனியை எந்த நாளிலும் எதிர்பார்க்கலாம். நவம்பர் முதல் ஞாயிறு கடிகாரம் ஒரு மணிநேரம் பின்னுக்குப் போகிறது. அன்றிலிருந்து வேலையால் வந்து வெளியே ஆணி அடிக்க வெளிச்சம் இராது. ஐந்து மணிக்கே இருட்டு. வார இறுதி மட்டுமே மிஞ்சும். ஆகவே நவம்பரை முடிவுக்கோடாக வைத்துப் பின்னோக்கி எண்ணுங்கள்.

ஒக்டோபர் கடைசிக்குள் கதவும் யன்னலும் பொருத்தி அகழியை மூடியிருக்க வேண்டும். நன்றி நவிலல் தினத்துக்குள், அதாவது ஒக்டோபர் இரண்டாம் திங்களுக்குள், கூரைக்கு ஷிங்கிள் ஏறியிருக்க வேண்டும். செப்டெம்பர் கடைசியில் சுவர்கள் நிற்க வேண்டும். செப்டெம்பர் நடுவில் கொங்கிறீற். தொழிலாளர் தினம் கழிந்த கையோடு தோண்டத் தொடங்க வேண்டும். அப்படியானால் அனுமதி ஓகஸ்டில் கைக்கு வர வேண்டும். வரைபடம் ஜூலையில் தயாராக வேண்டும். கூரையைத் தாங்கும் முக்கோண மரச்சட்டங்களான ட்ரஸ்களைத் தொழிற்சாலையில் செய்விக்கச் சில வாரம் பிடிக்கும் என்பதால், அனுமதி வந்த அன்றே அவற்றுக்குச் சொல்லிவிடுங்கள். யன்னலுக்கும் அப்படியே.

இதை வாசிக்கும்போது ஏற்கெனவே செப்டெம்பர் கடைசி ஆகிவிட்டதா? இந்த ஆண்டு வரைபடத்தையும் அனுமதியையும் முடித்து, மே மாதம் தோண்டுங்கள். அவசரப்பட்டு நவம்பரில் ஊற்றிய தளத்தைப் பிறகு யாராலும் திருத்த முடியாது.

அனுமதி

ஒன்ராறியோவில் வீட்டோடு ஒட்டாத, ஒரு மாடி உடைய, நீர்க்குழாய் இல்லாத, பொருள் வைக்க மட்டும் பயன்படும் கொட்டில் 15 சதுர மீற்றருக்குள் இருந்தால் கட்டட அனுமதி தேவையில்லை. இந்த விலக்கைக் கேள்விப்பட்டுப் பலர் பட்டறைக்கும் அது பொருந்தும் என்று நினைத்துவிடுகிறார்கள். பொருள் வைக்கும் இடம் வேறு, ஆள் நின்று வேலை செய்யும் இடம் வேறு. போதாததற்கு 12க்கு 16 அடி என்பது 17.8 சதுர மீற்றர். ஆகவே அனுமதி எடுத்தே ஆக வேண்டும். அது கெடுதலும் அல்ல. நகரசபைப் பரிசோதகர் வந்து கம்பியையும் சட்டத்தையும் பார்த்துவிட்டுப் போவது, நாளைக்கு வீட்டை விற்கும்போதும் காப்புறுதி கேட்கும்போதும் உங்களுக்கே துணை.

விண்ணப்பத்துக்கு வேண்டியவை: உங்கள் காணியின் சர்வே வரைபடத்தில் பட்டறை எங்கே நிற்கிறது என்று குறித்த இடவரைபடம், தரைப்படம், நான்கு பக்கத் தோற்றம், அத்திவாரத்திலிருந்து கூரை வரை வெட்டிக் காட்டும் ஒரு குறுக்குவெட்டுப் படம். விண்ணப்பம் முழுமையாக இருந்தால், இப்படியான சிறு கட்டடத்துக்கு நகரசபை 10 வேலைநாட்களில் பதில் தர வேண்டும் என்பது விதி. ‘முழுமையாக’ என்ற சொல்தான் முக்கியம். ஓர் அளவு விடுபட்டாலும் நாட்கணக்கு தொடங்காது.

கட்டட விதி ஒருபுறம், நில வலய விதி மறுபுறம். ரொறன்ரோ நகரத்துக்குள் அது 569-2013 என்ற இலக்கத் துணைவிதி. எல்லையிலிருந்து எவ்வளவு தள்ள வேண்டும், எவ்வளவு உயரலாம், காணியில் எத்தனை வீதத்தை மூடலாம் என்பதையெல்லாம் அது சொல்கிறது. அளவுகள் வலயத்துக்கு வலயம் மாறும். உங்கள் முகவரியைக் கொடுத்து நகரசபையிடம் கேட்டுக்கொள்ளுங்கள். யன்னல் வைக்கப்போகும் சுவர் காணி எல்லையிலிருந்து குறைந்தது 1.2 மீற்றர் தள்ளியிருக்கட்டும். அதைவிட நெருங்கினால் அந்தச் சுவரில் திறப்பு எதுவும் வைக்க முடியாது. நெஞ்சளவு உயரத்தில் 30 சென்ரிமீற்றரோ அதற்கு மேலோ விட்டமுள்ள மரம் அருகில் நின்றால், அது அயல்வீட்டாருடையது என்றாலும், அதன் வேரைத் தொடுமுன் ரொறன்ரோவில் தனி அனுமதி வேண்டும்.

மண்வெட்டி எடுக்குமுன்

மண்ணுக்குள் புதைந்த குழாயையும் கம்பியையும் குறித்துத் தரும் ஒன்ராறியோ ஒன் கோல் சேவைக்கு அறிவிக்காமல் ஓர் அடி கூடத் தோண்டாதீர்கள். இலவசம், சட்டப்படி கட்டாயம். குறைந்தது 5 வேலைநாட்களுக்கு முன்பே கேட்க வேண்டும். ஆட்கள் வந்து புல்தரையில் நிறம் தெளித்துவிட்டுப் போவார்கள். மஞ்சள் எரிவாயு, சிவப்பு மின்சாரம், செம்மஞ்சள் தொலைபேசியும் இணையமும், நீலம் குடிநீர், பச்சை கழிவுநீர். வீட்டுமானிக்கு அப்பால் நீங்களோ முந்தைய வீட்டுக்காரரோ இழுத்த குழாயும் கம்பியும் இந்தக் குறியீட்டில் வராது. பார்பிக்யூவுக்கு இழுத்த எரிவாயுக் குழாய், கராஜுக்குப் போகும் கம்பி போன்றவற்றை நீங்களே தேடிக் குறிக்க வேண்டும். குறிகளைப் படமெடுத்து வையுங்கள், மழையில் கரைந்துவிடும்.

தளம்

எல்லாவற்றிலும் இதில்தான் கூடுதலாக நிற்க வேண்டும்.

ரொறன்ரோவில் அத்திவாரத்துக்கு எடுத்துக்கொள்ளும் உறைபனி ஆழம் 1.2 மீற்றர், நாலு அடி. தண்ணீர் உறையும்போது ஏறத்தாழ 9 சதவீதம் பெருக்கும் என்பது பலருக்குத் தெரியும். தளத்தைத் தூக்குவது அந்த 9 சதவீதம் மட்டும் என்றால் பயப்பட ஒன்றுமில்லை. களியும் வண்டலும் கலந்த மண்ணில் வேறொன்று நடக்கிறது. மேலிருந்து இறங்கும் குளிர் ஓர் இடத்தில் நிற்கும். கீழே இருக்கும் ஈரத்தை மண் திரி போல உறிஞ்சி அந்த இடத்துக்குக் கொண்டுவரும். அங்கே அது பாளம் பாளமாக உறைந்து தடித்துக்கொண்டே போகும். அந்தப் பனிப்பாளங்கள்தான் தளத்தைத் தூக்குகின்றன. குளிர், நீர், நீரை உறிஞ்சும் மண் ஆகிய மூன்றும் சேர்ந்தால்தான் இது நடக்கும். மூன்றில் ஒன்றை எடுத்துவிட்டால் தளம் அசையாது. குளிரை நிறுத்த முடியாது. எனவே மண்ணை மாற்றுகிறோம், நீரை வடிக்கிறோம், குளிர் இறங்கும் வழியில் நுரைப்பலகையை வைக்கிறோம்.

மரச்சட்டத்தில் எழும், 55 சதுர மீற்றருக்கு உட்பட்ட ஒரு மாடிச் சிறு கட்டடத்துக்கு நாலு அடி தோண்டிச் சுவர் எழுப்பாமல், மண்ணுக்கு மேலேயே ஒரே கொங்கிறீற் பாளமாகப் படுக்கும் மிதக்கும் தளம் போட ஒன்ராறியோ நகரசபைகள் வழமையாக இடம் கொடுக்கின்றன. நான் போட்டது அதுதான்: நடுவில் 4 அங்குலம், விளிம்பைச் சுற்றி ஓர் அடி அகலத்துக்கு 12 அங்குலத் தடிப்பு. தளத்தின் மேல்மட்டம் சுற்றியுள்ள மண்ணைவிட 8 அங்குலம் உயர்ந்திருக்கும்படி கணக்குப் பார்த்தேன். அந்த 8 அங்குலத்தைக் குறைக்க வேண்டாம். மார்ச் மாதத்தில் பின்வளவில் உருகும் பனி எங்கே தேங்குகிறது என்று ஒருமுறை பார்த்தவர்கள் குறைக்க மாட்டார்கள்.

12க்கு 16 அடியைத் தேர்ந்தெடுக்கச் சொன்னதன் காரணம் இப்போது. மூலைகள் சரியான செங்கோணத்தில் இருந்தால் இந்த அளவின் மூலைவிட்டம் சரியாக 20 அடி வரும். கூட்டல் கழித்தல் தேவையில்லை; அளவுநாடாவை மூலைக்கு மூலை பிடித்து 20 காட்டுகிறதா என்று பார்த்தால் போதும். இரண்டு மூலைவிட்டத்தையும் அளந்து, ஆணி அடித்து, கயிறு கட்டுங்கள். கட்டடத்தைவிட ஒவ்வொரு பக்கமும் ஓர் அடி கூட்டி, 14க்கு 18 அடிக்கு, 10 அங்குல ஆழம் தோண்டுங்கள். புல்லும் கறுப்பு மண்ணும் முழுதாகப் போக வேண்டும். ஏறத்தாழ 6 கன மீற்றர் மண் வரும். தோண்டிய மண் பொருமிக் கால்பங்கு கூடும். அதைக் கொண்டுபோகக் குப்பைப் பெட்டி வாடகைக்கு எடுக்கும்போது அந்தக் கூடுதலையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

குழியின் அடியில், மண்ணும் சல்லியும் கலக்காமல் பிரிக்கும் ஜியோடெக்ஸ்டைல் துணியை விரித்து, அதன்மேல் தூள் கலக்காத முக்கால் அங்குலச் சல்லி. தூள் இல்லாததால் சல்லிக்கு இடையே ஈரம் மேலேறாது. விளிம்பின் கீழ் 6 அங்குலம், நடுவில் 12 அங்குலம். மொத்தம் 6 கன மீற்றர் அளவில் பிடிக்கும். ஒரேயடியாகக் கொட்டாமல் 6 அங்குலத்துக்கு ஒருமுறை அதிர்வு இயந்திரத்தால் இறுக்குங்கள். சல்லிக்குள் இறங்கும் நீர் வெளியேற, காணியின் தாழ்ந்த பக்கத்துக்கு ஒரு வடிகுழாய் விடுங்கள். போக்கிடம் இல்லாத சல்லிக்குழி ஒரு குளம். குளம் உறைந்தால் பட்ட பாடு வீண்.

நடுப்பகுதிச் சல்லியின் மேல் 2 அங்குல எக்ஸ்பிஎஸ் எனப்படும் குளிர்காப்பு நுரைப்பலகை. தளத்தின் வெளிவிளிம்பைச் சுற்றியும் இரண்டு அடி அகலத்துக்கு அதே பலகையை மண்ணுக்குள் படுக்கையாகப் புதைத்தால், தளத்துக்குக் கீழே குளிர் பக்கவாட்டில் நுழைவது குறையும். நுரைப்பலகையின் மேல் தடித்த பொலித்தீன் தாள். இணைப்புகள் ஓர் அடி ஒன்றன்மேல் ஒன்று ஏறி, நாடா ஒட்டப்பட்டிருக்க வேண்டும். பிறகு கம்பி: விளிம்பில் மேலும் கீழுமாக 15எம் தடிப்புக் கம்பி, நடுவில் அதைவிட மெல்லிய 10எம் கம்பி வலை. கம்பியைத் தாங்கிகளில் நிறுத்துங்கள். ஊற்றும்போது கொக்கியால் இழுத்து உயர்த்திக்கொள்ளலாம் என்பார்கள். காலால் மிதித்து அது மறுபடியும் அடியில்தான் போய்க் கிடக்கும். மூடுமுன் பரிசோதகரை அழையுங்கள்.

கொங்கிறீற் கணக்கு: நடுத்தளம் 1.8 கன மீற்றர், விளிம்பின் கூடுதல் தடிப்பு 1 கன மீற்றர். சிந்துவதற்கும் பள்ளத்துக்கும் சேர்த்து 3 முதல் 3¼ கன மீற்றர் சொல்லுங்கள். 32 எம்பிஏ (மெகாபாஸ்கல்) வலிமை, 5 முதல் 8 சதவீதம் காற்று கலந்தது என்று கேட்டு வாங்குங்கள். அந்த நுண்ணிய காற்றுக்குமிழ்கள்தான் கொங்கிறீற்றுக்குள் இருக்கும் ஈரம் உறைந்து பெருக்கும்போது அதற்கு இடம் கொடுக்கின்றன.

லொறி பின்வளவுக்கு வர முடியாது என்றால் கைவண்டிதான். ஒரு வண்டிக்கு 60 லீற்றர் என்று கொண்டால் 50 நடை. ஒவ்வொரு நடையும் 140 கிலோ. நாங்கள் ஐந்து பேர் நின்றோம். வயதில் மூத்தவர், ஊரில் மேசன் வேலை பார்த்தவர் ஒருவர் வந்திருந்தார். மேற்பரப்பைக் கண்ணாடி போல மினுக்க நான் உருக்குக் கரண்டியை எடுத்தபோது, என் கையைப் பிடித்துக் கேட்டார்: “தம்பி, இது காற்றுக் கலந்த கொங்கிறீற் அல்லவா? அந்தக் கரண்டியை வைத்துவிடு. மினுக்கினால் தோல் உரியும்.” சொன்னது முழு உண்மை. உருக்கால் இறுக்கித் தேய்க்கும்போது மேலே வரும் காற்றும் நீரும் வெளியேற வழியின்றித் தோலுக்கடியில் தங்கிவிடும். சில மாதத்தில் மேற்பரப்பு செதில் செதிலாகக் கழரும். மரத்தாலோ மக்னீசியத்தாலோ ஆன தேய்ப்புக்கட்டையோடு நிறுத்துங்கள். கொஞ்சம் சொரசொரப்பாக இருக்கும் தரை, மரத்தூள் கிடக்கும் பட்டறையில் கால் வழுக்காமல் காக்கும்.

கொங்கிறீற் ஈரமாக இருக்கும்போதே, சுவரின் அடிச்சட்டத்தைப் பிடித்துக்கொள்ள, விளிம்பில் அரை அங்குல ஜே வடிவ போல்ட்டுகளைக் குறைந்தது 4 அங்குலம் உள்ளே போகும்படி நட்டுவிடுங்கள். இரண்டுக்கு இடையே 2.4 மீற்றருக்கு மேல் இருக்கக்கூடாது. நான் 4 அடிக்கு ஒன்று வைத்தேன். கதவு வரும் இடத்தில் போல்ட் வராதபடி முதலே குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த நாள் ஓர் அங்குல ஆழத்துக்கு, நீளவாக்கில் ஒன்றும் குறுக்காக ஒன்றும் வெட்டுங்கள். எப்படியும் வெடிக்கப்போகும் கொங்கிறீற் அந்தக் கோட்டுக்குள்ளே வெடிக்கட்டும்.

ஊற்றிய பின் ஒரு வாரம் ஈரச் சாக்கும் பொலித்தீனும் போட்டு மூடி வையுங்கள். அடுத்த 24 மணிநேரத்தில் வெப்பநிலை 5 பாகைக்குக் கீழே போகும் என்று வானிலை அறிக்கை சொன்னால் அது குளிர்கால ஊற்றல். காப்புப் போர்வை கட்டாயம். முதல் மூன்று நாளும் கொங்கிறீற் 10 பாகைக்குக் குறையாமல் இருக்க வேண்டும். இளங்கொங்கிறீற் ஒரே ஓர் இரவு உறைந்தால், அது இழந்த வலிமை பிறகு திரும்பாது. உறைந்த மண்ணின் மேல் ஊற்றவே கூடாது.

சுவர்

தளத்தின் மேல் நுரைநாடா, அதன்மேல் பதப்படுத்திய மர அடிச்சட்டம். பதப்படுத்திய மரத்தில் இருக்கும் செம்பு சாதாரண ஆணியை அரிக்கும். சூட்டில் துத்தநாகம் பூசிய ஆணியையே அடியுங்கள்.

நிலைச்சட்டம் இரண்டுக்கு நாலு அங்குலமா, இரண்டுக்கு ஆறா என்று கேட்பார்கள். பனிக்காலத்தில் உள்ளே வேலை செய்வதாக இருந்தால் இரண்டுக்கு ஆறு. 16 அங்குலத்துக்கு ஒன்று. மரச்செலவு கொஞ்சம் கூடும், ஆனால் ஆர்-22 இன்சுலேசன் (குளிர்காப்புப் பஞ்சு; ஆர் எண் கூடக்கூடக் காப்பும் கூடும்) அப்படியே உட்காரும். சுவரைத் தளத்தில் படுக்கவைத்துச் சட்டம் கட்டி, ஓஎஸ்பி பலகையும் (மரச்சீவல்களை ஒட்டிச் செய்த பலகை) அடித்த பிறகு தூக்கினால் செங்கோணம் கலையாது. 16 அடிச் சுவரைத் தூக்க நாலு பேர் வேண்டும். காற்று வீசும் நாளில் தூக்காதீர்கள்.

திறப்புகளைப் பற்றி ஓர் அறிவுரை. 4க்கு 8 அடி முழுப்பலகை ஒன்று நேராக உள்ளே போக வேண்டும். ஒரு கதவாவது அதற்கு ஏற்ற அகலத்தில், முடிந்தால் 5 அல்லது 6 அடி இரட்டைக் கதவாக இருக்கட்டும். குளிர்காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்தும் வடமேற்கிலிருந்தும் வருவதால் கதவை அந்தப் பக்கம் வைக்காதீர்கள். யன்னல் தெற்கே. பனிக்காலச் சூரியன் தாழ்வாக நடந்து மேசை வரை வரும். இருண்ட பெப்ரவரியில் அந்த வெயில் எவ்வளவு பெரிய துணை என்பதை அனுபவித்துத்தான் அறிய வேண்டும்.

ஓஎஸ்பியின் மேல் நீர்த்தடைத் தாளைக் கீழிருந்து மேலாகச் சுற்றுங்கள். மேல்வரி கீழ்வரியின் மேல் விழ வேண்டும். யன்னலின் அடியில் ஒட்டும் நாடா முதலில், பக்கங்கள் அடுத்து, மேல்பக்கம் கடைசியில். நேரம் போதவில்லை என்றால் வெளிச்சுவர்ப் பூச்சுப்பலகையை வசந்தத்துக்குத் தள்ளிவைக்கலாம். அந்தத் தாள் எத்தனை நாள் வெயில் தாங்கும் என்பது அதன் விபரக்குறிப்பில் இருக்கும். அதற்குள் மூடிவிட்டால் சரி.

கூரை

ஒன்ராறியோவில் கூரையின் பனிச்சுமையை 1 கிலோபாஸ்கலுக்குக் குறைத்துக் கணக்கிட முடியாது. அதாவது சதுர மீற்றருக்கு ஏறத்தாழ 100 கிலோ. ஓர் அடி இறவாரத்தோடு இந்தக் கூரை 23 சதுர மீற்றர். ஆகவே 2.3 தொன் பனி தலைக்கு மேல் நிற்கும் என்று எண்ணித்தான் கட்ட வேண்டும். ட்ரஸ்ஸைத் தொழிற்சாலையில் வாங்கச் சொல்வது இதனால்தான். பொறியியலாளரின் முத்திரையோடு வரும் வரைபடத்தை மட்டும் முதலில் வாங்கி அனுமதி விண்ணப்பத்தோடு இணைத்துவிடலாம். இரண்டு அடிக்கு ஒன்றாக 9 ட்ரஸ். மூன்று பேர் இருந்தால் ஒரு காலைப்பொழுதில் ஏற்றிவிடலாம்.

சூடாக்கும் கட்டடம் என்பதால் இறவாரத்தில் பனிநீர்த் தடுப்புத் தாள் ஒட்டுங்கள். விளிம்பிலிருந்து குறைந்தது 900 மில்லிமீற்றர் மேலேறி, உட்சுவரின் முகத்தைத் தாண்டி 300 மில்லிமீற்றராவது உள்ளே போக வேண்டும். உருகிய பனிநீர் இறவாரத்தில் மறுபடி உறைந்து அணை கட்டும்போது ஷிங்கிளுக்கு அடியால் ஏறும் தண்ணீரை இதுதான் மறிக்கும்.

ஷிங்கிளின் அடியில் உள்ள தார்ப்பட்டை வெயில் சூட்டில்தான் ஒட்டும். 5 பாகைக்குக் கீழே அடித்தால் அது ஒட்டாமலே கிடக்கும். நவம்பர்க் காற்று ஒவ்வொன்றாகக் கிளப்பும். பிந்திவிட்டால் ஒவ்வொரு ஷிங்கிளுக்கும் கையால் தார்ப்பசை வைக்க வேண்டும், அல்லது உலோகக் கூரைக்கு மாற வேண்டும். தகரத்துக்குக் குளிர் பொருட்டல்ல.

மின்சாரம்

மண் உறையுமுன் முடிய வேண்டிய கடைசி வேலை அகழி. நேரடியாகப் புதைக்கும் கேபிள் ஆள் நடக்கும் இடத்தில் 600 மில்லிமீற்றர் ஆழத்தில் போக வேண்டும், வாகனம் ஓடும் இடத்தில் 900. கேபிளுக்கு மேலும் கீழும் மணல், அரையாழத்தில் எச்சரிக்கை நாடா. மின்வேலைக்கு ஒன்ராறியோவின் மின்பாதுகாப்பு அதிகாரசபையான ஈஎஸ்ஏயிடம் அறிவித்தல் எடுக்க வேண்டும். பரிசோதனை முடியும்வரை அகழியை மூடக்கூடாது. உங்கள் சொந்த வீட்டில் நீங்களே செய்யச் சட்டம் இடம் தருகிறது. கூலிக்கு ஆள் பிடிப்பதாக இருந்தால் உரிமம் பெற்ற மின்ஒப்பந்தக்காரராக இருக்க வேண்டும். ‘தெரிந்த பெடியன், மலிவாகச் செய்வான்’ என்பது இந்த ஓரிடத்தில் வேண்டாம்.

60 அம்பியர் துணைப்பனல் (பட்டறைக்கென்று தனி மின்பெட்டி) ஒருவர் வேலை செய்யும் பட்டறைக்குப் போதும். ஆனால் வீட்டின் பிரதான பனல் அதைத் தாங்குமா என்பதை முதலில் கணக்கிடச் சொல்லுங்கள். வாள் மேசைக்கு ஒன்று, தூசி இழுப்பானுக்கு ஒன்று, ஹீற்றருக்கு ஒன்று எனத் தனித்தனிப் பிரேக்கர். அதே அகழியில் வெறுங்குழாய் ஒன்றையும் போட்டுவையுங்கள். நாளைக்கு இணையக் கம்பி இழுக்க மறுபடி தோண்ட வேண்டாம்.

சுவருக்குள் போகும் ஈரம்

இனி வெளியே பனி கொட்டட்டும். கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே வேலையைத் தொடங்கலாம்.

என் பழைய கொட்டிலின் ஆணிமுனைகளில் பூத்த பனி கூரை ஒழுகியதால் வந்ததல்ல. என் மூச்சும் ஹீற்றரின் புகையும்தான் அங்கே போய் உறைந்தன. ஒரு கிலோ புரொப்பேன் எரிந்தால் ஏறத்தாழ 1.6 கிலோ தண்ணீர் ஆவியாக வெளிவருகிறது. ஒரு மாலைப்பொழுது ஒரு கிலோ எரித்தால், ஒன்றரை லீற்றருக்கு மேல் தண்ணீரை அறைக்குள் கொதிக்கவைத்து ஆவியாக்கியதற்குச் சமம். அந்த ஆவி குளிர்ந்த உலோகத்தைத் தேடிப் போய் ஒட்டும். மூடிய அறையில் காபனோரொட்சைட்டு என்ற நச்சுவாயுவின் ஆபத்து வேறு. புகைபோக்கி இல்லாத புரொப்பேன் ஹீற்றரைப் பட்டறைக்குள் கொண்டுவராதீர்கள் என்று கையெடுத்துக் கேட்கிறேன்.

இன்சுலேசன் பஞ்சைச் சட்டங்களுக்கிடையே திணிக்காமல், மூலை வரை நிரம்பும்படி உட்காரவையுங்கள். அமுங்கினால் அதன் வலு குறையும். மின்பெட்டியின் பின்னாலும் பஞ்சு போக வேண்டும். அதன்மேல், அறையின் சூடான பக்கத்தில், 6 மில் (அங்குலத்தின் ஆயிரத்தில் 6 பங்கு) தடிப்புள்ள பொலித்தீன். தாளைச் சட்டத்தில் குத்துவது பத்தில் ஒரு பங்கு வேலை. மீதி ஒன்பது பங்கு ஓரங்களை அடைப்பது. தரையோடு சேரும் இடம், உள்கூரையின் பொலித்தீனோடு சேரும் இடம், இணைப்புகள், மின்பெட்டிகளின் சுற்றுவட்டம் எல்லாவற்றிலும் உறையாத கறுப்புப் பசையை வைத்து அழுத்துங்கள். கையில் பட்டால் லேசில் போகாது. பழைய சேட்டைப் போட்டுக்கொள்ளுங்கள். விரல் நுழையும் ஓட்டை ஒன்று, பனிக்காலம் முழுவதும் ஈரக்காற்றைச் சுவருக்குள் ஊதிக்கொண்டிருக்கும். கூரைப்பக்கமும் இதே கதைதான்: உள்கூரையை இறுக்கமாக அடைத்து, அதற்கு மேலே இறவாரத்திலிருந்து முகடு வரை வெளிக்காற்று ஓட வழிவிடுங்கள். ஆணிமுனைகள் இப்போதும் மேலேதான் இருக்கின்றன. என் மூச்சு அங்கே போவதில்லை.

பரிசோதகர் பார்த்த பிறகு உட்சுவருக்கு அரை அங்குலப் பிளைவூட் அடியுங்கள். எந்த இடத்திலும் ஓர் அலுமாரியோ கொக்கியோ மாட்டலாம்.

சூடு

இந்த அளவுப் பட்டறையை, இந்த இன்சுலேசனோடு, வெளியே மைனஸ் 18 பாகை இருக்கும் நாளில் 20 பாகைக்குக் கொண்டுவர 2 கிலோவாட் அளவு வேண்டும் என்று கணக்கு வந்தது. 3 கிலோவாட் 240 வோல்ட் ஹீற்றர் வைத்தேன், போதுமாகவே இருக்கிறது. நாள்தோறும் வேலை செய்பவர் என்றால், வெளிக்காற்றின் வெப்பத்தை உள்ளே கொண்டுவரும், குளிர்தேசத்துக்கென்று செய்யப்பட்ட மினிஸ்பிளிட் வெப்பப்பம்பு மின்கட்டணத்தில் தன் விலையை மெல்ல மெல்ல மீட்டுத் தரும்.

வேலை முடிந்ததும் ஹீற்றரை முழுதாக அணைக்காதீர்கள். 8 அல்லது 10 பாகையில் விட்டுவையுங்கள். முழுதாகக் குளிர்ந்துபோன வார்ப்பிரும்பு மேசை, அறை திடீரென்று சூடேறும்போது ஐஸ் போட்ட கிளாஸ் போல வியர்க்கும். அந்த வியர்வைதான் துரு. மரப்பசையும் 10 பாகைக்குக் கீழே சரியாகப் பிடிக்காது. காய்ந்த இணைப்பில் சுண்ணாம்பு போல வெள்ளைத்தூள் தெரிந்தால் அது பிடிக்காத பசை. ஈரப்பதமானி ஒன்றைச் சுவரில் மாட்டி, 40 வீதத்துக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மண் உறையுமுன், நவம்பர் தொடக்கத்தில், நீர்மட்டக் குழாயாலோ லேசர் மட்டத்தாலோ தளத்தின் நாலு மூலையின் உயரத்தையும் அளந்து, கதவுச் சட்டத்தின் உட்பக்கத்தில் தேதியோடு எழுதுங்கள். பெப்ரவரி கடைசியில் ஒருமுறை, மே தொடக்கத்தில் ஒருமுறை மீண்டும் அளவெடுங்கள். என் கதவுச் சட்டத்தில் நாலு ஆண்டுக் கணக்கு பென்சிலில் இருக்கிறது. வடகிழக்கு மூலை ஒவ்வொரு பெப்ரவரியிலும் 2 அல்லது 3 மில்லிமீற்றர் எழும்பி, மே மாதத்தில் பழைய இடத்துக்கே வந்திருக்கிறது. மற்ற மூன்று மூலையும் அசையவில்லை. அந்தக் கதவுக்குப் பக்கத்தில்தான் அப்பாவின் சீவுளி தொங்குகிறது, எண்ணெய் பூசி, அலகு மினுங்க.